கோழிக்கடைக்காரனின் நாய்த் தண்ணீர்க் கணக்கு

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் நான் வைத்திருப்பது கோழிக்கடை. ஆனால் விற்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான். தோல் உரித்த கறி ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போகிறீர்கள் என்றால் அதில் ஏறத்தாழ 700 கிராம் தண்ணீர். நான் ஊற்றியது அல்ல; கோழி உயிரோடு நடமாடியபோதே அதன் தசைக்குள் இருந்தது. கடையில் நின்று இதைச் சொன்னால் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எழுத வைத்தவள் ஓசூரில் இருக்கும் என் தங்கை. அவள் வீட்டில் புரூனோ என்று ஒரு லாப்ரடார், 30 கிலோ எடை. மூட்டையில் வரும் உலர் தீவனம்தான் அதற்குச் சாப்பாடு. ஒரு நாள் காலை, கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இது தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்துகொண்டே இருக்கிறது. உன் கடை வாசலில் கிடக்கிற செவலை தண்ணீர் குடித்து நான் பார்த்ததே இல்லை. இதற்குச் சர்க்கரை வியாதி வந்திருக்குமோ?"

அதோடு இன்னொரு செய்தியும் சொன்னாள். அவள் தீவனம் வாங்கும் கடையில் ஒருவர், பச்சைக்கறிக்கு மாற்றிவிட்டால் நாய்க்குத் தண்ணீரே வைக்க வேண்டியதில்லை என்று அறிவுரை கூறியிருக்கிறார். கறி விற்கிறவன் நான். அப்படி மாற்றினால் எனக்குத்தான் லாபம். இருந்தாலும் அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை, மீதி வாய்க்கு வந்தது.

முதலில் செவலை. கடைக்கு முன் படுத்திருக்கும் நாட்டு நாய். கூண்டோடு கோழி நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்ததில் 16 கிலோ சொச்சம் காட்டியது. கழுத்து, தோல், இரைப்பை, யாரும் வாங்காத ஈரல் என்று வெட்டுக்கட்டையிலிருந்து நேராக அதன் வாய்க்குப் போய்விடும். நான் வைக்கும் கிண்ணத்தை அது மதிப்பதே இல்லை. ஆனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்து டீக்கடையில் தம்ளர் கழுவ வைத்திருக்கும் வாளியில் அது வாய் வைக்கிறது என்பது எனக்கும் டீக்கடைக்காரருக்கும் இடையே தீராத வழக்கு. கிண்ணத்தை மட்டும் பார்த்து நாயின் தாகத்தைக் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும்.

உப்புக்கண்டம் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மீதிக் கதையை விளக்க வேண்டியதில்லை. மாசி, பங்குனி வெயிலில் அம்மா ஆட்டுக்கறியைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் காயப் போடுவார். மாலைபோல் தொங்கிய ஒரு கிலோ கறி, காய்ந்து முடிந்ததும் ஒரு கைப்பிடிதான் இருக்கும். நிறுத்தால் மூன்றில் ஒரு பங்கு தேறும். கறியில் குறைந்தது ஒன்றும் இல்லை, தண்ணீர் மட்டும்தான் போயிருக்கிறது. புரூனோவின் மூட்டைத் தீவனமும் ஒரு வகை உப்புக்கண்டம்தான். அதில் இருக்கும் ஈரம் 100 கிராமுக்கு 6 முதல் 10 கிராம் வரை. பச்சைக்கறியில் 65 முதல் 75 வரை. டப்பாவில் வரும் ஈர உணவில் 75-க்கும் மேலே.

ஏன் இவ்வளவு காய வைக்கிறார்கள்? நாயின் நலனுக்காக அல்ல. 1860 வாக்கில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். 1957-இல் அமெரிக்காவில் பியூரினா நிறுவனம், மாவை நீராவியில் வேகவைத்து அழுத்தித் துளை வழியே பிதுக்கிப் பொரிய வைத்து உலர்த்தும் முறையை நாய்த் தீவனத்துக்குக் கொண்டுவந்தது. இன்று கடையில் தொங்கும் உருண்டைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மூட்டை மாதக்கணக்கில் கிடக்காது. தண்ணீரைச் சுமந்து செல்ல லாரி வாடகை யார் கொடுப்பது? வியாபாரியாக அந்த நியாயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. எடுத்த தண்ணீரை வீட்டில் யார் திருப்பி ஊற்றுவது என்பதுதான் மூட்டையில் பெரிய எழுத்தில் இல்லை.

இப்போது தங்கைக்குச் சொன்ன கணக்கு. நல்ல உடல்நிலையில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு, எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் தேவை. புரூனோவுக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து 1.8 லிட்டர் வரை. இது மூன்று வழிகளில் வரலாம்: குடிப்பது, உணவோடு உள்ளே போவது, உணவு உடம்புக்குள் எரியும்போது அங்கேயே உண்டாவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 100 கிராம் கொழுப்பு எரிந்தால் 107 கிராம் தண்ணீர் உண்டாகும். கொழுப்பின் எடையைவிடத் தண்ணீரின் எடை அதிகம், ஏனென்றால் சுவாசித்த ஆக்சிஜனும் அதில் சேர்கிறது. புரூனோ அளவு நாய்க்கு இந்த வகையில் நாளொன்றுக்கு 150 மில்லி கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

அது தின்பது 350 கிராம் உலர் தீவனம். அதில் உள்ள ஈரம் 30 மில்லி, ஒரு மடக்குகூட இல்லை. ஆகவே 1.3 முதல் 1.6 லிட்டர் வரை அது கிண்ணத்தில் குடித்தே ஆக வேண்டும். சர்க்கரையும் இல்லை, ஒன்றும் இல்லை. தன் கணக்கை அது சரியாக நேர் செய்துகொண்டிருக்கிறது. கோழிப்பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். அங்கேயும் காய்ந்த தீவனம்தான். கோழி தின்கிற எடையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், சித்திரை வெயிலில் அதற்கும் மேலே. யாரும் கோழிக்குச் சர்க்கரை என்று பதறுவதில்லை.

சரி, அந்தக் கடைக்காரர் சொன்னபடி கறிக்கு மாறினால்? அதே சக்தி கிடைக்க எலும்பும் தோலுமாகச் சுமார் 700 கிராம் கோழி வேண்டும். அதிலிருந்து 470 மில்லி அளவுக்குத் தண்ணீர் போகும். அப்போதும் நாய் ஒரு லிட்டர் வாக்கில் குடித்தாக வேண்டும். கிண்ணத்தை எடுத்துவிடலாம் என்பதெல்லாம் வீண் பேச்சு. போதாக்குறைக்கு, கறி என்பது புரதம். புரதம் செரித்து மிஞ்சுகிற யூரியாவைச் சிறுநீரில் கரைத்து வெளியேற்றவும் தண்ணீர்தான் வேண்டும்.

என் பாட்டி காலத்தில் இந்தப் பிரச்சினையே இல்லை. பாப்பாரப்பட்டிப் பக்கம் அவருடைய வீட்டில் காவலுக்கு இருந்த நாய்கள் பச்சைக்கறியும் தின்றதில்லை, மூட்டையும் பார்த்ததில்லை. தின்றது கேழ்வரகுக் களி. முதலில் நொய்யரிசியைக் குழைய வேகவிடுவார். அதன் தலையில் மாவைக் குவித்துக் கொட்டி, நடுவில் கோலால் ஒரு குழி. கொதி அந்தக் குழி வழியே மேலே வந்து மாவை வேகவைக்கும். பிறகு பானையைக் கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக் கிண்டினால் கட்டி தட்டாமல் திரளும். வீட்டாருக்கெல்லாம் உருண்டை பிடித்தபின், அடிப்பிடித்த களியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கறி எடுத்த நாளாக இருந்தால் எலும்பு வேகவைத்த தண்ணீரும் சேர்த்து, வாசலில் இருந்த கல் தொட்டியில் ஊற்றுவார். களியிலேயே மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். கரைத்தபின் கேட்கவே வேண்டாம். ஈரத்தில் பச்சைக்கறிக்குக் கொஞ்சமும் குறையாத சாப்பாட்டை, எவரும் பெயர் சூட்டாமலே நம் ஊர் நாய்கள் தலைமுறை தலைமுறையாகத் தின்றிருக்கின்றன.

நாய் ஓநாயின் வம்சம், அதற்குத் தானியம் ஆகாது என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டதை அவர்கள் படிக்க வேண்டும். மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு நகல்தான். நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருக்கிறது. மனிதனோடு கூடிக் களி தின்று பழகியதன் கணக்கு அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. களி மட்டுமே போதும் என்று சொல்ல வரவில்லை. வளரும் குட்டிக்கு அதில் புரதமும் கொழுப்பும் போதாது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் பாட்டியின் தொட்டியை மிஞ்ச எந்த மூட்டையாலும் முடியாது.

அதனால் தங்கையிடம், தீவனத்தை மாற்றாதே, ஊற வை என்றேன். அவள் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஓய்ந்தபின் கடை மின்தராசிலேயே செய்து காட்டினேன். ஓசூரிலிருந்து அவள் கொண்டுவந்திருந்த அதே தீவனம். எவர்சில்வர் கிண்ணத்தில் 100 கிராம், அதன் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் 200 கிராம். முதலில் உருண்டைகள் மிதந்தன. ஓரம் வெளுத்து, பின் ஒவ்வொன்றாக உப்பி, மேலிருந்த கொழுப்பு சிறு சிறு வட்டங்களாகத் தண்ணீரில் பிரிந்தது. கால் மணி நேரம் கழித்து விரலால் அழுத்தினால் நசுங்கியது. கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் பழுப்புத் தண்ணீர்தான் மிச்சம். 300 கிராமில் 209 கிராம் தண்ணீர். நூற்றுக்கு 70. அதாவது என் கடைக் கோழிக்கறி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 350 கிராம் தீவனத்தை இப்படி ஊற வைத்தால் நாய்க்குள் உணவோடு 730 மில்லி போகிறது. கறியில் போவது 470. தண்ணீருக்காகக் கறி என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஊற வைக்கத் தொடங்கிய சில நாட்களில் மறுபடியும் போன். "அண்ணா, இப்போது இது தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறது!" சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளே போவது கூடினால் வெளியே குடிப்பது குறையும், அதற்காகத்தானே இவ்வளவும்.

வெறும் தண்ணீரில் ஊறியதை முகர்ந்து பார்த்துவிட்டு நகரும் நாய்களும் உண்டு. அவற்றுக்குக் கோழிக்கால் தண்ணீர். பெரும்பாலோர் வேண்டாம் என்று விட்டுப் போகும் கால்களை நகம் வெட்டிக் கழுவி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் வைத்து, மூட்டுகள் கழன்று வரும்வரை சிறு தீயில் விடுங்கள். வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கட்டியாக உறைந்திருக்கும். ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்துத் தீவனத்தில் ஊற்றலாம். எலும்பை மட்டும் கொடுக்காதீர்கள். வெந்த எலும்பு கூராகச் சிதறும். உப்பு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் கூடவே கூடாது. பச்சையோ வெந்ததோ, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். மிஞ்சின கறிக்குழம்பை நாய்ச் சோற்றில் ஊற்றுகிற வழக்கத்தை இதனாலேயே விட வேண்டும். கருவாடும் அப்படித்தான், தாகத்தைக் கிளப்பிவிட்டுப் போகும்.

ஊற வைத்ததை வெயில் காலத்தில் வெளியே விட்டுவைத்தால் புளித்துவிடும். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். ஈக்கு வியாபாரம் செய்து என்ன பயன்?

பச்சைக்கறி கேட்டு என் கடைக்கு வரும் இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள். இந்த முறைக்கு உலக அளவில் பேச்சு எழுந்ததே ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதியதற்குப் பிறகுதான். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கமோ வேகவைக்காத இறைச்சியைக் கொடுக்க வேண்டாம் என்று 2012-இல் நிலைப்பாடு எடுத்தது. என்னிடம் கேட்டால் நான் விற்பேன், கூடவே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புவேன். பச்சைக்கோழியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இருப்பது சகஜம். வெட்டுக்கட்டையை இரவில் கொதிநீர் ஊற்றித் தேய்க்கிறவனுக்கு இது ஏட்டுப் படிப்பு அல்ல. நாய் கறியைத் தின்றுவிட்டு நேரே தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைக்கும். நாய்க்கு ஒன்றும் ஆகாமலே போகலாம், ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தொடும் குழந்தைக்கு ஆகலாம். கிண்ணத்தைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவ முடியாதவர்கள் கறியை வேகவைத்தே கொடுக்கலாம். வெந்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்தால் ஈரம் எங்கும் போய்விடாது. நாய்க்கு வயிற்றுப்போக்கு கண்டுவிட்டால் கறியிலிருந்து வந்த தண்ணீரெல்லாம் ஒரே நாளில் வெளியே போய்விடும்.

எந்தத் தண்ணீர் என்பது நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் புளோரைடு அதிகம் என்பதை எங்கள் உறவினர்களில் மூத்தவர்களின் பற்களைப் பார்த்தாலே தெரியும், பழுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கிவைத்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது; தண்ணீர் ஆவியாகக் குறைய, மிஞ்சியதில் அது கூடத்தான் செய்யும். மாடுகளின் பல்லையும் எலும்பையும்கூட அது விடுவதில்லை. உலர் தீவனம் தின்கிற நாய் மற்ற நாயைவிட அதிகம் குடிக்கும். அதற்கு மட்டும் போர் தண்ணீர், நமக்குக் காவிரித் தண்ணீர் என்று பிரிக்காதீர்கள். நாம் குடிப்பதையே ஊற்றுங்கள்.

அளந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மண்சட்டியில் அளக்காதீர்கள். சட்டி கசிந்துதான் தண்ணீரைக் குளிர வைக்கிறது. நாய் குடித்ததும் சட்டி குடித்ததும் ஒன்றாகிவிடும். எவர்சில்வரில் அளந்து ஊற்றி, அதே அளவில் இன்னொரு பாத்திரத்தை நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்து, வெயிலில் எவ்வளவு ஆவியாகிறது என்று கழித்துக்கொள்ளுங்கள். டீக்கடை வாளி மாதிரி வேறு ஊற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். தேங்கிய குட்டை நீராக இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி கிடைக்கும்.

ஊற வைத்த தீவனம் என்றாலும் வறண்ட தீவனம் என்றாலும், கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டிக் குடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். புரூனோவுக்கு அது 3 லிட்டர். சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, அட்ரினல் சுரப்பிக் கோளாறு எல்லாம் தாகமாகத்தான் முதலில் தலைகாட்டும். கருத்தடை செய்யாத பெண் நாய், சூட்டுக்கு வந்து சில வாரங்களில் திடீரென்று தண்ணீராகக் குடித்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அதில் ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

மறுபக்கம், தண்ணீர் போதவில்லை என்பதை ஈறில் பார்க்கலாம். விரல் வைத்தால் வழவழப்பாக இருக்க வேண்டும். பசைபோல் ஒட்டினால் உடம்பு வற்றுகிறது. ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டுப் பார்ப்பது எல்லோரும் சொல்வதுதான், ஆனால் கிழட்டு நாய்க்கும் எலும்பும் தோலுமாய் இருக்கும் நாய்க்கும் அது பொய் சொல்லும். சோர்ந்து கிடக்கும் நாயின் வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் தோலுக்கடியிலோ ரத்தக் குழாயிலோ மருத்துவர் ஏற்றுவதுதான் வழி.

வெயில் கணக்கு தனி. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம், மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். அந்த மூச்சில் போவது தண்ணீர். ஓசூர் மேட்டில் குளிரில் வளரும் புரூனோ, ராயக்கோட்டை வழியாக இறங்கி எங்கள் ஊருக்கு வந்ததும் முதல் நாளே அரை லிட்டர் அதிகமாகக் குடிக்கும்.

சித்திரை விடுமுறைக்குத் தங்கை குடும்பம் ஊருக்கு வருகிறது. மாப்பிள்ளை தீவன மூட்டையைக் காரிலேயே ஏற்றிவிட்டதாகச் சொன்னார். நான் கால்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஊற வைத்த தட்டில் செவலை முந்திக்கொண்டு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இன்னும் ஆள் கிடைக்கவில்லை.